அப்பிள் மரத்தை எரிக்கலாம், ஆனால் எந்த மரத்தை?

குளிர் தொடங்குவதற்கு முன்பே இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, அப்பிள் விறகு மலிவாக் கிடைக்குது, வாங்கலாமா?" 2022இல் எரிவாயு விலை ஏறிய பிறகு இங்கிலாந்தில் நம்மவர்கள் பலர் வீட்டில் இரும்பு விறகடுப்பு பூட்டிவிட்டார்கள், அதிலும் கென்ட் பக்கம் இருப்பவர்களுக்குப் பழத்தோட்டம் கூப்பிடு தூரம். வாங்கலாம். ஆனால் எவ்வளவு காய்ந்தது, எப்படிப்பட்ட தோட்டத்து மரம் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

அப்பிள் விறகுக்குத் தனிச் சூடு இருக்கிறது என்று விற்பவர்கள் சொல்வார்கள். எடைக்கு எடை பார்த்தால் நன்றாகக் காய்ந்த எந்த விறகும் ஏறக்குறைய ஒரே சூட்டைத்தான் தரும், கிலோவுக்குச் சுமார் 4 கிலோவாட் மணி. அப்பிள், பியர்ஸ், பிளம்ஸ் எல்லாம் அடர்த்தியான மரங்கள், அதனால் அதே கூடைக்குள் பைன் விறகைவிட அதிக எடை அடங்கும், தணலும் நீண்ட நேரம் நிற்கும். செரி கொஞ்சம் லேசு. ஆகவே மூட்டைக் கணக்கில் வாங்கினால் அப்பிள் லாபம், ஆனால் பச்சை விறகை நிறுத்து வாங்கினால் தண்ணீருக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

அடர்த்தியான மரம் மெதுவாகத்தான் காயும். வெட்டின கையோடு கொத்தி அடுக்கிவிட வேண்டும், ஏனென்றால் அப்பிளின் நார் முறுக்கு நார், காய்ந்து வைரம் ஏறிய பிறகு கோடாலி இறங்காது. அடியில் பலகை போட்டு நிலத்திலிருந்து உயர்த்தி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றுப் போக விட்டு, இரண்டு கோடையாவது வையுங்கள். ஈர விறகில் சூட்டின் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், தீயும் சரியாகப் பிடிக்காமல் புகைந்து, அந்தப் புகை சிம்னிக்குள் தாராகப் படியும், அந்தத் தார் ஒரு நாள் பற்றிக்கொண்டால் வீட்டுக்கே ஆபத்து. இங்கிலாந்தில் 2021 மே முதல் 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதற்கு மேல் மொத்தமாக விற்பவர் ஈர விறகை விற்கலாம், எப்படிக் காய வைப்பது என்ற குறிப்பு கொடுத்தால் போதும். மலிவு விறகு பெரும்பாலும் இந்த வழியால்தான் வருகிறது. ஈரம் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி, கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்ததாகத்தான் காட்டும்.

அப்புறம் அந்த வாசனை. பழமரப் புகை மணக்கும், உண்மைதான், இறைச்சி வாட்டக்கூட அதைப் பாவிக்கிறார்கள். அதற்காக அது நல்ல புகை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. நுரையீரலுக்குள் போகும் பி.எம். 2.5 எனப்படும் மிக நுண்ணிய துகள்கள் அப்பிள் புகையிலும் இருக்கின்றன. 1952 டிசம்பர் லண்டன் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகுதான் 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. உங்கள் வீடு புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்தால் அனுமதி பெற்ற வகை அடுப்பில் மட்டுமே விறகு எரிக்கலாம், கவுன்சிலின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆஸ்துமாப் பிள்ளை இருந்தால், ஹீட்டர் வேலை செய்யும் வீட்டில் அழகுக்காக அடுப்பு மூட்டுவதை நான் ஆதரிக்கவே மாட்டேன்.

தோட்டம் அழிக்கும் இடத்தில் இலவசமாக அள்ளுபவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். இன்றைய வணிகத் தோட்டங்களில் மரத்தைக் குட்டையாகவே வைத்திருக்கும் எம்9 போன்ற வேர்க்கட்டையில் ஒட்டிய மரங்கள்தான், தண்டு மெல்லியது, காலம் முழுக்க முட்டுக்கம்பு வேண்டும். மரத்தைப் பிடுங்கும்போது அந்தக் கம்பும் கம்பியும் ஒன்றாகவே குவியலில் விழும். பழைய கம்புகளில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருக்கலாம். அதை எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் போகும், சாம்பலைக் கீரைப் பாத்தியில் கொட்டினால் மண்ணுக்கும் போகும். பச்சை நிறம் ஓடிய, உருட்டிச் சீவிய, ஆணி இருக்கும் கம்பு எதையும் தொடாதீர்கள்.

பிளம்ஸ், செரி விறகை வெட்டுமுகத்தில் பாருங்கள். நடுவில் கபிலக் கறை இருந்தால் வெள்ளியிலை நோயாக இருக்கக்கூடும். இந்த நோயைத் தரும் பூஞ்சை செத்த கட்டையில் வளர்ந்து இலையுதிர் காலம் தொட்டு வித்துகளைப் பரப்பும், அதனால் அப்படிப்பட்ட கட்டையை வீட்டுப் பிளம்ஸ் மரத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கக் கூடாது.

என்னை உண்மையில் வருத்துவது பழைய தோட்டங்கள்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1900இலிருந்து பாரம்பரியப் பழத்தோட்டங்களில் 81 சதவீதம் போய்விட்டதெனப் பழைய இடங்களையும் இயற்கையையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2022இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மிஞ்சி நிற்கும் கிழட்டு அப்பிள், பிளம்ஸ் மரங்களின் உள்ளே உளுத்துப் பொந்தாகிய பகுதியில் நோபிள் சேஃபர் என்ற, பச்சையாக மினுங்கும் வண்டு முட்டையிடுகிறது. அதன் புழு அந்த உளுத்த மரத்தைத் தின்று இரண்டு ஆண்டுகள் வரை உள்ளேயே வளரும். வூஸ்டர்ஷயர், ஹெரபோர்ட்ஷயர், குளொஸ்டர்ஷயர் பக்கம்தான் பெரும்பாலும் இந்த வண்டு இன்னும் ஓரளவு மிஞ்சியிருக்கிறது. மரத்தின் ஒரு பக்கம் செத்துப்போனது என்று முழுவதையும் அறுத்து விறகாக்கினால் புழுவும் அடுப்புக்குள்தான் போகிறது. விறகு என்று பார்த்தாலும் உளுத்த கட்டையில் சூடும் இல்லை, தணலும் இல்லை. பாதி செத்த மரம் இன்னும் பல வருடம் காய்க்கக்கூடும், பழமரங்கள் அப்படித்தான், உள்ளே வெறும் பொந்தாக இருந்துகொண்டே காய்க்கும்.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை: கவாத்துப் பண்ணிய கிளை, காற்றில் முறிந்த கிளை, வணிகத் தோட்டம் மாற்றும்போது வரும் மரம், இவையெல்லாம் விறகாகட்டும், வீணாகக் குவித்துக் கொளுத்துவதைவிட நல்லது. கிழட்டு மரத்தின் அடிமரத்தை நிற்க விடுங்கள். விழும் ஆபத்து இருந்தால் கிளைகளை மட்டும் இறக்கி, அடிமரத்தை ஆளுயரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அறுத்தே ஆக வேண்டும் என்றால் உளுத்த பகுதியை அங்கேயே நிழலில் போட்டுவிட்டு, கெட்டியான கட்டையை மட்டும் எடுத்துவாருங்கள். பொந்துக்குள் அரிசிமணி போலப் புழுவின் எச்சம் கிடந்தால் படம் எடுத்து, அழியும் உயிரினங்களைக் காக்கும் பீப்பிள்ஸ் டிரஸ்ட் ஃபார் என்டேஞ்சர்ட் ஸ்பீசிஸ் அமைப்புக்கு அனுப்புங்கள், இந்த வண்டின் கணக்கை அவர்கள்தான் எடுக்கிறார்கள்.