கடைசி வண்டி என்று சொல்லி விற்றால்

அமெரிக்கக் கார் கம்பெனி டாட்ஜின் டுராங்கோ ஹெல்கேட் எஸ்யூவியை வாங்கிவிட்டுப் புலம்புகிறவர்களைக் கிண்டல் செய்வது ரொம்ப சுலபம். 80,000 டாலருக்கு மேல் கொட்டிக் கொடுத்து 710 குதிரைத்திறன் குடும்ப வண்டி வாங்கியவர், "அதே வண்டியைக் கம்பெனி மறுபடியும் போட்டுவிட்டது" என்று நீதிமன்றம் போனால் யாருக்கும் சிரிப்புதான் வரும். உன் வண்டியை யாரும் பிடுங்கவில்லையே, எஞ்சின் அதே சத்தத்தோடு ஓடுகிறதே, அப்புறம் என்ன வயிற்றெரிச்சல் என்றுதான் கேட்பார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் நடந்ததை வரிசையாகப் பார்த்தால், அவர்கள் கோபத்தில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது.

டாட்ஜ் இந்த வண்டியை 2020 கோடையில் அறிவித்தது. மூன்று வரிசை இருக்கை, ஆறு பேர் உட்காரலாம். முன்னால் 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு வி8, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி பொருத்திய எட்டு சிலிண்டர் எஞ்சின். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட 3.5 விநாடி. பின்னால் 8,700 பவுண்டு எடையுள்ள படகையும் கட்டி இழுக்கலாம். இதில் இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் பெட்ரோலை அதிகம் குடிக்கும் கார்களுக்குத் தனி வரி உண்டு. ஆனால் எஸ்யூவி சட்டப்படி 'டிரக்' கணக்கில் வருவதால் இந்த வண்டிக்கு அது கிடையாது. ஊருக்குள் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு விலக்கு!

இது 2021 மாடலாக மட்டும்தான் வரும், ஒரே வருடம், அத்தோடு முடிந்தது என்று அப்போது டாட்ஜ் தலைவராக இருந்த டிம் குனிஸ்கிஸ் வெளிப்படையாகச் சொன்னார். காரணமும் சொன்னார். அடுத்த மாடல் வருடத்திலிருந்து பெட்ரோல் ஆவி குறித்த விதி கடுமையாகிறது, இந்த எஞ்சின் இந்த வண்டியில் அதற்குள் அடங்காது என்றார்.

இது புகைக்குழாய் வழியாக வரும் புகை பற்றிய விதி இல்லை. சும்மா நிறுத்தி வைத்திருக்கும்போதே பெட்ரோல் டேங்கிலிருந்து ஆவி எழும்பும். அதை ஒரு கரித்தூள் டப்பா பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். சூப்பர்சார்ஜர் உள்ள எஞ்சினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற நேரத்தில் இந்த உறிஞ்சல் நடக்காது, அதனால் வடிவமைப்பு கொஞ்சம் தலைவலி பிடித்தது. இதெல்லாம் தெரிந்தவர்களுக்குக் கம்பெனி சொன்ன காரணம் நம்பும்படியாகவே இருந்தது.

என்னோடு வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர் ஒருவர் அப்போது வாங்கினார். வீட்டில் "பிள்ளைகளை ஸ்கூலில் விட மூன்று வரிசை வண்டி வேண்டும்" என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினார், அது தனிக் கதை. கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர் விலைக்கு மேல் டீலர் 'மார்க்கப்' என்று ஒரு தொகையை ஏற்றிக் கேட்டிருக்கிறார். பேரம் பேசினால், "சார், இனிமேல் இது வராது, உங்களுக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள்" என்று பதில். கொடுத்துவிட்டு வந்தார். வண்டி வந்த புதிதில் என்னை ஏற்றிக்கொண்டு ஹைவே நுழைவுப் பாதையில் ஒரு மிதி மிதித்தார். எஞ்சின் உறுமலுக்கு மேலே சூப்பர்சார்ஜர் சீழ்க்கை அடிப்பது போல் ஒரு சத்தம். பின் சீட்டில் இருந்த குழந்தை இருக்கையிலிருந்து பிஸ்கட் தூள் பறந்து பின்னால் சிதறியது.

2022 ஆகஸ்டில் டாட்ஜ் மறுபடி மேடை ஏறியது. தன் பிரபலமான கார்களான சேலஞ்சரும் சார்ஜரும் 2023 மாடலோடு முடிகின்றன, அதற்காக 'லாஸ்ட் கால்' (கடைசி அழைப்பு) என்று ஏழு சிறப்புப் பதிப்புகள் வருகின்றன என்று அறிவித்தது. அதே அறிவிப்பில்தான் டுராங்கோ ஹெல்கேட் 2023 மாடலாகத் திரும்பி வருகிறது என்ற செய்தியும். ஒரு கையில் "இதுதான் கடைசி, ஓடி வாருங்கள்", இன்னொரு கையில் போன தடவை கடைசி என்று விற்ற அதே வண்டி! இதைப் பார்த்து 2021 வாங்கியவர் எவருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? சிலர் சேர்ந்து கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கே போட்டார்கள். இனி வராது என்று நம்பித்தான் இந்த விலை கொடுத்தோம், இப்போது வண்டியின் மதிப்பு இறங்கிவிட்டது என்பது அவர்கள் வாதம்.

நம்ம நண்பர் கேட்டது ஒன்றுதான். "ரெண்டு வருஷத்துல திரும்ப வரும்னு தெரிஞ்சிருந்தா அந்த மார்க்கப்பை அழுதிருப்பேனா?"

இதற்கு எதிராகப் பலரும் காட்டும் உதாரணம் போர்ஷே 911 ஆர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். 2016-ல் 991 வண்டிதான் என்று விற்றார்கள். மறுவிற்பனை விலை எங்கேயோ போனது. அடுத்த வருடமே மேனுவல் கியரோடு, பின் இறக்கை இல்லாத, கிட்டத்தட்ட ஆர் மாதிரியே இருந்த 911 ஜிடி3 டூரிங் வந்தது, ஆர் விலை சரிந்தது. அங்கே எனக்கு இரக்கம் வரவில்லை. போர்ஷே 991 என்றது, 991-தான் செய்தது. அதைப் போல இன்னொன்று வராது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. டாட்ஜே 2018-ல் சேலஞ்சரின் அதிவேக வடிவமான டீமனை 3,300 மட்டும் செய்துவிட்டு, 2023-ல் 1,025 குதிரைத்திறனோடு டீமன் 170 கொண்டுவந்தது. அது வேறு வண்டி, பழையதைப் பழையதாகவே விட்டுவைத்தது. டுராங்கோவில் அப்படி இல்லை. அதே எஞ்சின், அதே 710, அதே பெயர்.

வருமானத்துக்காகத் திரும்பப் போட்டார்கள் என்பதில் எனக்குக் குறையே இல்லை. பொறியாளர்கள் அந்த விதிக்குள் எஞ்சினை அடக்கிவிட்டார்கள் என்றால் கைதட்டத்தான் வேண்டும். ஆனால் சட்டத்தையே சாட்சிக்கு இழுத்து "முடியவே முடியாது" என்று சொன்னவர்கள், முடிந்த பிறகு பழைய வாடிக்கையாளரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் என் குறை. காசு திருப்பித் தர வேண்டாம். மார்க்கப் வாங்கியது டீலர், கம்பெனி இல்லை என்பதும் தெரியும். முதல் வருட வண்டிக்கு வரிசை எண் போட்ட ஒரு தகடு, கையெழுத்திட்ட ஒரு சான்றிதழ், புதியதை வாங்க நினைத்தால் முதல் உரிமை, இவ்வளவு போதும். இல்லையென்றால் 2023-க்கு வேறு பெயராவது வைத்திருக்கலாம்.

வாங்கி, உறை பிரிக்காமல் கராஜில் பூட்டி வைத்தவர்களுக்கு இந்த வக்காலத்து இல்லை. அவர்கள் ஆடியது சூதாட்டம், சீட்டு விழவில்லை, அவ்வளவுதான்.

கதை இன்னும் முடியவில்லை. 2024-ல் 6.4 லிட்டர் எஞ்சின் டுராங்கோவுக்கும் 'லாஸ்ட் கால்' என்று சொல்லி 1,000 வண்டி விற்றார்கள். 2026 மாடல் வரிசையைப் பார்த்தால் அதே 6.4 லிட்டர், அதே 475 குதிரைத்திறன், பக்கத்திலேயே ஹெல்கேட்டும். எரிபொருள் சிக்கன விதியை மீறும் கம்பெனிகளுக்கான அபராதத்தை 2025-ல் வாஷிங்டன் பூஜ்யமாக்கிவிட்டது, இனி எதற்குக் கடைசி என்ற பேச்சு! அந்த ஆயிரம் பேரில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் கமெண்டில் கூப்பிடுங்கள். அவர்கள் வழக்குப் போடப் போகிறார்களா, சிரித்துக்கொள்ளப் போகிறார்களா என்று கேட்க வேண்டும்.