அது 1966 ஒலிப்பதிவு இல்லை

நண்பர் ஒருவர், 'கொஸ்டின் மார்க் அண்ட் தி மிஸ்டீரியன்ஸ் லாஸ் ஏஞ்சலிஸ் ராக் குழு; 1997ல் வந்த சிடி அவர்களுடைய 1966 ஆல்பத்தின் மறுபதிப்பு' என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

ஊர் விஷயம் சின்னது. அவர்கள் மிச்சிகனின் பே சிட்டி, சாகினா பக்கம். பண்ணை வேலைக்காக வடக்கே போன மெக்சிகக் குடும்பங்களின் பிள்ளைகள். மெக்சிக-அமெரிக்க ராக் என்றாலே கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ்தான் என்று நினைப்பதில் வரும் குழப்பம் இது.

சிடி விஷயம்தான் முக்கியம். அவர்களுடைய '96 டியர்ஸ்' பாட்டு முதலில் பா-கோ-கோ என்ற குட்டி லேபிளில் வந்தது. அப்புறம் கேமியோ நிறுவனம் வாங்கி வெளியிட, 1966 அக்டோபர் கடைசியில் பில்போர்டு என்ற அமெரிக்கப் பாடல் தரவரிசையில் முதலிடம். அதே பெயரில் ஆல்பமும் அந்த வருடமே வந்தது. பிறகு கேமியோவின் ஒலிப்பதிவுகள் ஆலன் கிளைன் என்பவரின் அப்கோ நிறுவனத்தின் கைக்குப் போய், பல பத்தாண்டுகள் சிடியாக வராமலே கிடந்தன. அதனால்தான் 1997ல் பழைய ஆட்களே கூடி, அந்தப் பாட்டுகளைப் புதிதாக வாசித்துப் பதிவு செய்தார்கள். நீங்கள் கேட்பது அதைத்தான். மோசமில்லை, ஆனால் பையன்களாக வாசித்தபோது இருந்த அந்தக் கரகரப்பு இதில் கிடையாது.

அசல் வேண்டுமென்றால் 2005ல் வந்த, இந்தக் குழுவின் கேமியோ பார்க்வே தொகுப்பைத் தேடுங்கள். அட்டையில் '1966–1967' என்று போட்டிருக்கும்.