மூன்று நிமிடம் கேட்டவருக்கு

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் பாட்டுக் கேட்கக் கூடியிருந்தபோது, நான் போட்ட ஜாஸ் இசைத்தட்டை மூன்றே நிமிடத்தில் நிறுத்தியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "இரண்டு சாக்ஸபோன் சண்டை போட்டால் அதற்கு ஜாஸ் என்று பெயராம்" என்று அண்ணன் போட்ட பதிவையும், அதன் கீழே வரிசை கட்டி நிற்கும் சிரிப்புப் பொம்மைகளையும் பார்த்த பிறகு முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். முழுதாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

நான் போட்டது 'கின்ஸ்மென்'. நியூயார்க்கின் பை ரெக்கார்டிங்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் 2008இல் வெளியிட்டது. வாசிப்பது யார் என்று ஒருவராவது கேட்டீர்களா? ஒரு சாக்ஸபோன் ருத்ரேஷ் மஹந்தப்பா, அமெரிக்காவில் வளர்ந்த கன்னடக் குடும்பத்துப் பிள்ளை. இன்னொன்று, சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத். ஆமாம், அவரேதான். வயலின் கன்யாகுமரி, மிருதங்கம் பூவாளூர் ஸ்ரீஜி. கல்யாணி என்றே பெயர் வைத்த உருப்படிகூட அதில் உண்டு. 'டூயட்' படத்தில் கத்ரி வாசித்ததைச் சொல்லிச் சொல்லி அன்று மாலைதான் அண்ணன் கண் கலங்கினார். அரை மணி நேரம் கழித்து அதே மனிதரின் அதே மூச்சு அவருக்குச் சண்டையாகிவிட்டது. மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தியாயிற்று. கன்யாகுமரியின் ஆலாபனை வரும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"பிடிக்கவில்லை என்றால் நிறுத்தக்கூடாதா?" என்பீர்கள். தாராளமாக நிறுத்தலாம். உங்கள் வீடு, உங்கள் மின்சாரம். ஆனால் மூன்று நிமிடம் கேட்டவர் முப்பது வரி எழுதக்கூடாது.

"கர்நாடக சங்கீதத்தைக் காசுக்காகக் கலப்படம் செய்கிறார்கள்" என்று ஒருவர் அங்கே எழுதியிருக்கிறார். காசுக்காகவா! அந்த பை ரெக்கார்டிங்ஸ் 2001இல், எளிதில் பிடிபடாத அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஹென்றி திரெட்கில்லின் இரண்டு தட்டுகளோடு கடை திறந்தது. பணம் பண்ண நினைப்பவன் திரெட்கில்லை வைத்தா போணி செய்வான்? இத்தனைக்கும் அங்கே அவர் வெளியிட்ட இரட்டைத் தட்டுக்குத்தான் 2016இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசு வாங்கியதால் நல்ல இசை என்று நான் சொல்லவில்லை. (கொஞ்சம் சொல்கிறேன்தான்.)

திரெட்கில் எனக்கும் முதலில் புரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். டியூபா (கனத்த குரலில் ஒலிக்கும் பெரிய பித்தளை ஊதுகருவி), செல்லோ, கிடார், புல்லாங்குழல், டிரம்ஸ். ஐந்தும் ஆளுக்கொரு தெருவில் நடப்பதுபோல இருந்தது. சிறு வயதில் கோயில் கொடியேற்றத்தன்று நாகஸ்வரம் நீண்டுகொண்டே போக, நான் தூங்கி வழிவேன். அப்பா தொடையில் தட்டி எழுப்பி, "ராகம் பிடிபடாவிட்டால் விடு, தவிலைப் பிடித்துக்கொண்டு போ" என்பார். ஓர் இரவு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, வேறெதையும் தேடாமல், டியூபாவை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். நான்காவது சட்டையில் காலர் தீய்ந்தது. ஆனால் அதற்குள் மற்ற நான்கு பேரும் எந்தத் தெருவில் வருகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், முழுதாகக் கேளுங்கள் என்று.

அந்த அப்பா லாரி செட்டில் கணக்கு எழுதியவர். "மேட்டுக்குடிப் பாவனை" என்று பின்னூட்டம் போட்ட தம்பி கவனிக்கவும். தட்டு வாங்கப் பணம் சேர்த்த கதையை இங்கே எழுதினால் அதற்கும் சிரிப்புப் பொம்மை போடுவீர்கள்.

கேலியில் தொடங்குவது தவறில்லை. கத்ரியின் இசைத்தட்டு ஒன்றை மஹந்தப்பாவுக்கு அவருடைய அண்ணன் கொடுத்ததே வேடிக்கைக்காகத்தான். தம்பி சிரித்துவிட்டு மூலையில் போடவில்லை, கேட்டார். கேட்டதால்தான் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். நம் அண்ணன்மார் வேடிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அடுத்ததாக நான் போட நினைத்திருந்தது அதே நிறுவனத்தின் 2004ஆம் ஆண்டுத் தட்டு, 'மதர் டங்'. "உங்களுக்கு இந்தியன் பேச வருமா?" என்று அமெரிக்காவில் கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு இந்திய வம்சாவளியினர் தத்தம் மொழியில் சொன்ன பதில்களைப் பதிவு செய்து, அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்திலிருந்தே மஹந்தப்பா மெட்டுகள் கட்டினார். பியானோ விஜய் ஐயர். அதில் ஓர் உருப்படியின் பெயர் 'தமிழ்'. ஒன்றும் சொல்லாமல் போட்டுவிட்டு, "இது எந்த மொழி, சொல்லுங்கள்" என்று கேட்க நினைத்திருந்தேன். சின்ன ஆசை. பன்னிரண்டு தமிழர்கள் உட்கார்ந்திருந்த மாடியில் 'தமிழ்' ஒலிக்கவே இல்லை. அதற்குப் பதில் எல்லாருக்கும் மிளகாய் பஜ்ஜி வந்தது.

அண்ணன் சிரித்ததுகூடப் பரவாயில்லை. என்னோடு உட்கார்ந்து 'கின்ஸ்மென்' தட்டை நான்கு முறை கேட்ட நண்பர் ஒருவரும் அங்கே இருந்தார். "இவன் இப்படித்தான்" என்று அண்ணன் சொன்னபோது அவர் பஜ்ஜிக்குச் சட்னி கேட்டார். பெயர் சொல்ல மாட்டேன். இந்தப் பதிவையும் படிப்பார், விருப்பக்குறி போடாமல்.

அண்ணா, கோபத்தில் தட்டை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிட்டேன். அட்டைப்பெட்டி உங்கள் ஆம்பிளிஃபயர் மேலேயே இருக்கிறது. யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். பஜ்ஜித் தட்டை அதன்மேல் வைத்துவிட வேண்டாம்.