சம்பந்தி கிளம்புவதற்குள் 200 ஜிபி

மதுரை செல்லூரில் ஒரு மாடி வீடு, மாலை ஆறரை மணி. கல்யாணம் முடிந்து மூன்று மாதம் இழுத்தடித்து வீடியோக்காரர் கொடுத்த 200 ஜிபி, மாமாவின் லேப்டாப்பில் இருக்கிறது. அதை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, எட்டு மணிக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடிக்கக் கிளம்பும் சம்பந்தி கையில் கொடுக்க வேண்டும். பகல் முழுக்க மாமா தூங்கினார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். செல்வி அவருடைய அக்கா மகள். படித்தது பி.காம்., ஆனால் அந்தக் குடும்பத்தில் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால்கூட அவளுக்குத்தான் போன் வரும்.

மாமா: வா தாயி. இந்த யூஎஸ்பி ஓட்டை மூன்றும் தூர்ந்துபோய்விட்டது. காப்பி போட்டேன், 2 மணி 50 நிமிடம் என்றான். இப்போது பார்த்தால் 3 மணி 10 நிமிடம் என்கிறான். குறைய வேண்டியது ஏறுகிறதே, ஆட்டோ மீட்டரா இது?

செல்வி: ஓட்டையைச் சுற்றி என்ன மாமா வெள்ளையாக?

மாமா: திருநீறு. உன் அத்தை வைத்தாள். உள்ளே போகவில்லை, ஓரத்தில்தான்.

செல்வி: அது சரி, இது என்ன ஹப்பில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது?

மாமா: குட்டி ஃபேன், குட்டி விளக்கு, ஹார்ட் டிஸ்க். அப்புறம் அந்தச் சிவப்புப் பென்டிரைவ். சின்னத் தங்கச்சி வீட்டுக்கும் ஒரு செட் ஓடட்டுமே என்று அதையும் போட்டிருக்கிறேன்.

செல்வி: ஃபேனும் விளக்கும் கரண்ட் மட்டும்தான் குடிக்கும், போகட்டும். ஆனால் பென்டிரைவையும் ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் எப்படி? ஹப்பில் நாலு வாய் இருந்தாலும் லேப்டாப்புக்குப் போகிற வயர் ஒன்றுதானே. நாலு பந்திக்கு ஒரே சாம்பார் வாளி.

மாமா: நம் வீட்டுக் கல்யாணத்திலும் அதுதான் நடந்தது. சம்பந்தி வருகிற நேரத்தில் அதைக் கிளறாதே.

(ஹப் போயிற்று. ஹார்ட் டிஸ்க் நேராக லேப்டாப்பின் இடது பக்கத்தில் ஏறுகிறது. நொடிக்கு 28 எம்பி, 2 மணி நேரம் என்று காட்டுகிறது. மாமா திரையைப் பார்த்துக் கும்பிடுகிறார். இரண்டு நிமிடத்தில் 1 எம்பிக்கு விழுகிறது.)

மாமா: போச்சு! ஓட்டை அடைத்துக்கொண்டது!

செல்வி: இருங்க. கல்யாண ஃபோல்டருக்குள் ‘காலை வணக்கம்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதே, அதில் 14,000 படம். இது எதற்கு?

மாமா: வாட்ஸப்பில் வந்தது. ரோஜாப்பூ, பொன்மொழி எல்லாம் இருக்கும். சம்பந்திக்கு நாமும் நாலு நல்லது செய்ய வேண்டாமா?

செல்வி: மாமா, நீங்கள் மொய் எழுதுகிறவர். ஒருத்தர் 10,000 ரூபாய் வைத்தால் எத்தனை வரி எழுதுவீங்க?

மாமா: ஒரு வரி.

செல்வி: நூறு பேர் நூறு நூறு ரூபாயாக வைத்தால்?

மாமா: அதே பத்தாயிரம்தான், ஆனால் நூறு வரி. பெயர் கேட்க வேண்டும், ஊர் கேட்க வேண்டும், ‘எந்தச் செல்வராஜ், கறிக்கடையா டீக்கடையா’ என்று கேட்க வேண்டும். கை ஒடிந்துவிடும்.

செல்வி: டிஸ்க்கும் அப்படித்தான். 4 ஜிபி வீடியோ என்றால் ஒரே வரி எழுதிவிட்டு ஓடும். உங்கள் ரோஜாப்பூ ஒவ்வொன்றுக்கும் பெயர், இடம், தேதி, நேரம் என்று தனித்தனியாக எழுத வேண்டும். ஓட்டை பாவம் சும்மா நிற்கிறது, கணக்குப்பிள்ளைக்குத்தான் கை வலிக்கிறது.

மாமா: (நீண்ட மௌனத்துக்குப் பிறகு) யூஎஸ்பியை இவ்வளவு மரியாதையாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ரோஜாப்பூவை எடுத்துவிடு.

(எடுத்தாயிற்று. மறுபடியும் 28.)

செல்வி: இந்த ஓட்டைக்குள் இருப்பது கறுப்பு நாக்கு, அதாவது யூஎஸ்பி 2.0. வலது பக்கம் நீல நாக்கு இருக்கிறது பாருங்க, அது 3.0. அதில் போடலாம்.

மாமா: நாக்கு எந்த நிறமாக இருந்தால் என்ன?

செல்வி: எல்லாக் கம்பெனியும் நிறம் போடுவதில்லை, பக்கத்தில் எஸ்எஸ் என்று எழுத்து இருந்தாலும் அதுதான். 2.0 வந்தது 2000-இல், நொடிக்கு 480 மெகாபிட். 3.0 வந்தது 2008-இல், 5 ஜிகாபிட். பத்து மடங்குக்கு மேல்.

மாமா: 480 வருகிறதென்றால் இங்கே ஏன் 28 காட்டுகிறது?

செல்வி: 480 என்பது பிட் கணக்கு, எம்பி என்பது பைட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட், அதனால் எட்டால் வகுத்தால் 60. அதிலும் பேச்சுவார்த்தைச் செலவெல்லாம் போகக் கைக்கு வருவது முப்பது, நாற்பதுதான்.

மாமா: ஓகோ, தரகர் சொன்ன மாப்பிள்ளை சம்பளம் மாதிரி.

செல்வி: இன்னொரு கூத்து கேளுங்க. அந்த 3.0-க்கே அப்புறம் 3.1 ஜென் 1 என்று பெயர் மாற்றினார்கள், அதற்கப்புறம் 3.2 ஜென் 1. வேகம் அதே 5 ஜிகாபிட்தான்.

மாமா: எண் கணிதம் பார்த்திருப்பார்கள். உன் பெரியப்பாகூடப் பெயரில் ஒரு எழுத்து கூட்டினார், கடை அப்படியேதான் இருக்கிறது.

(நீலத்தில் மாற்றுகிறார்கள். 31. ஏழு அடிக்கப் பத்து நிமிடம். செல்விக்கு முதன்முறையாக வியர்க்கிறது.)

மாமா: நீலமும் தூர்ந்துவிட்டது.

செல்வி: மெதுவாகவா செருகினீங்க? 3.0-இல் நாலு கம்பியோடு கூட ஐந்து கம்பி இருக்கும். தயங்கித் தயங்கிச் செருகினால் சில நேரம் பழைய நாலு மட்டும் முதலில் தொட்டு, ‘நான் 2.0’ என்று பதிவாகிவிடும். உருவிவிட்டு வெடுக்கென்று செருகுங்க.

மாமா: (செருகிவிட்டு) 31. கொஞ்சம் திருநீறு...

செல்வி: வேண்டாம்!

(லேப்டாப்பை விட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைக் கையில் எடுத்துத் திருப்புகிறாள். அதன் வாய் அகலமானது, பெரிதாக ஒன்றும் சிறிதாக ஒன்றும் இரண்டு அறை. பெரிய அறையில் மட்டும் வயர் உட்கார்ந்திருக்கிறது. சின்ன அறை காலி.)

செல்வி: மாமா, இது எந்த வயர்?

மாமா: என் போன் சார்ஜர் வயர். செருகிப் பார்த்தேன், அச்சாக உட்கார்ந்தது.

செல்வி: உட்காரும். அந்தப் பெரிய அறை பழைய 2.0-க்கானது. புதிதாக வந்த ஐந்து கம்பியும் அந்தக் காலி அறையில் இருக்கிறது. பாதி வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு ஓட்டையைத் திட்டுகிறோம். இதோடு வந்த வயர் எங்கே?

மாமா: அது ஒரு முழம்கூட இல்லை தாயி. மேஜையிலிருந்து கட்டிலுக்கு எட்டாது. உருப்படாத வயர் என்று தூக்கிப் போட்டேன். (உள்ளே பார்த்து) ஏம்மா! அந்தக் குட்டை வயரைப் பார்த்தாயா?

(அத்தையின் குரல் மாடியிலிருந்து வருகிறது: “எது, மல்லிக் கொடியைக் கம்பியில் கட்டியிருக்கிறேனே அதுவா? ஒரு முழம், அளவெடுத்த மாதிரி இருந்தது.”)

செல்வி: ஓடுங்க!

(மாமா ஓடுகிறார். ஏழரைக்கு, இரண்டு மொட்டு ஒட்டியிருக்கும் வயரோடு வருகிறார். துடைத்து, நீலத்தில், வெடுக்கென்று. 112 எம்பி. ஏற்கெனவே ஏறியது போக மீதிக்கு 24 நிமிடம்.)

மாமா: நூற்றுப் பன்னிரண்டு! பார்த்தாயா, என் ஓட்டையில் ஒரு குறையும் இல்லை என்று அப்போதே சொன்னேன்.

செல்வி: யார், நீங்களா?

மாமா: சம்பந்தி கூப்பிடுவார், வருகிற வழியில் இருக்கிறேன் என்று. போனில் 3 சதவீதம்தான் இருக்கிறது, அந்தச் சார்ஜர் வயரைக் கொடு.

செல்வி: இங்கேதானே வைத்தேன்...

(மாடியிலிருந்து: “கொடி சரிந்துவிட்டது. அந்த நீள வயரை நான் எடுத்துக்கொண்டேன். நாலு சுற்றுச் சுற்றி முடி போட்டாயிற்று, இனி யாராவது அவிழ்த்தால் தெரியும் சேதி!”)

மாமா: (போனைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக) தாயி, உன் போனில் சம்பந்தி நம்பர் இருக்கிறதா?