‘லைட்ஹவுஸ்கீப்பர்’: ஏழு அசை அல்ல, நான்கு

‘லைட்ஹவுஸ்கீப்பர்’ (lighthousekeeper, கலங்கரை விளக்கக் காவலர்) என்ற ஆங்கிலச் சொல்லை எப்படி அசை (syllable) பிரித்து உச்சரிப்பது என்று ஒரு பதிவில் சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்கு தப்பு. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஏழு உயிர் எழுத்து இருப்பதால் ஏழு அசை என்கிறார்கள். ஆங்கிலத்தில் எண்ண வேண்டியது எழுத்தை அல்ல, ஒலியை. ‘ஹவுஸ்’ஸில் ஓ (o), யு (u) இரண்டும் சேர்ந்து ஒரே ஈருயிர் ஒலி (இரண்டு உயிர் கலந்த ஓர் ஒலி), கடைசி ஈ (e) ஒலிப்பதே இல்லை. ‘கீப்’பில் இரண்டு ஈ சேர்ந்து ஒரு நெடில். ஆக லைட் / ஹவுஸ் / கீ / பர், நான்குதான். தமிழ்ச் செய்யுள் இலக்கணமான யாப்பின் நேர், நிரை என்ற அசைகள் இங்கே உதவாது. நிரையில் இரண்டு உயிர் வரும், ஆங்கில அசையில் ஒன்றுதான்.

நடுவில் வரும் டி-யையும் எச்-சையும் சேர்த்து ‘லைதவுஸ்’ என்று படிக்கச் சொன்னது இன்னும் பெரிய பிழை. அவை வெவ்வேறு சொற்களைச் சேர்ந்தவை. ‘கிராஸ்ஹாப்பர்’ (grass + hopper), ‘ஹாட்ஹவுஸ்’ (hot + house) இரண்டிலும் இதே கதைதான். ‘ட்’டுக்கு நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறில் வைத்து அப்படியே நிறுத்துங்கள், பின் மூச்சோடு ‘ஹ’. நமக்கு அங்கே ஒரு ‘உ’ தானாக ஒட்டிக்கொள்ளும். ‘லைட்டு-ஹவுசு-கீப்பர்’ என்றால் ஆறு அசையாகி, ஆங்கிலக் காதுக்குத் தாளமே மாறிவிடும்.

எல்லாப் பகுதிக்கும் சம அழுத்தம் என்று அதே பதிவில் சொன்னதும் சரியல்ல. முதன்மை அழுத்தம் ‘லைட்’டில். அதை ‘ஹவுஸ்’ மேல் போட்டு, ‘லைட்’டைப் பிரித்துச் சொன்னால் கேட்பவருக்கு ‘எடை குறைந்த வீட்டுப் பணியாளர்’ என்று அர்த்தமாகும். கலங்கரை விளக்கக் காவலர் காணாமல் போய்விடுவார்.

கடைசி ‘ர்’ பிரிட்டிஷ் பொது உச்சரிப்பில் கேட்காது, அமெரிக்கர் ஒலிப்பார்கள். இரண்டும் சரி.