மருந்துச் சீட்டைக் கடன் வாங்காதீர்கள்

சொரியாசிஸ், அதாவது தோலில் செதில் செதிலாகப் படை கிளம்பும் நோய், இருக்கிறது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை என்று நாலு படங்கள் வந்து விழும். "எங்க மச்சானுக்கு இதுலதான் சரியாச்சு." நல்ல மனசோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் மச்சானுக்குக் கேட்ட மருந்து நமக்கும் கேட்கும் என்பதற்கு இந்த நோயில் உத்தரவாதமே கிடையாது.

அவரவர் உடம்புக்கேற்ற மருத்துவம் என்றதும் மரபணுச் சோதனை, பெரிய செலவு என்றுதான் நினைக்கிறோம். அதுவும் நடக்கிறது. எச்எல்ஏ-சி 06:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே சொரியாசிஸ் வர வாய்ப்பு அதிகம். 2019-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், அந்த வகை இல்லாதவர்களுக்கு சொரியாசிஸுக்குப் போடும் இரண்டு ஊசிகளில் உஸ்டெகினுமாபைவிட அடலிமுமாப் நன்றாக வேலை செய்தது. உடம்பெங்கும் சீழ்க்கொப்புளம் கிளம்பும் அரிய வகை சொரியாசிஸில் சிலருக்கு ஐஎல்36ஆர்என் மரபணுவில் கோளாறு இருக்கும். அந்தக் கோளாறு கிளப்பிவிடும் அழற்சிப் பாதையையே அடைக்கும் ஸ்பெசோலிமாப் என்ற மருந்துக்கு 2022-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனாலும் பரவலாகக் காணும் செதில் படைக்கு மரபணு பார்த்து மருந்து எழுதுவது இன்னும் அன்றாட வழக்கமாகவில்லை.

அது வரும்போது வரட்டும். காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இப்போதே இருக்கிறது: நோயாளியிடம் விசாரிப்பது. காலையில் எழுந்ததும் விரலை மடக்கக் கஷ்டமாக இருக்கிறதா? நகத்தில் குண்டூசியால் குத்தியதுபோல் குழிகள் உண்டா? அப்படியென்றால் நோய் மூட்டையும் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள்? மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியமும், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில பீட்டா பிளாக்கர் மாத்திரைகளும் படையைக் கிளப்பிவிடும். குழந்தை பெறும் யோசனை இருக்கிறதா? அசிட்ரெட்டின் என்ற சொரியாசிஸ் மருந்தை நிறுத்திய பிறகும் பெண்கள் 3 ஆண்டு கருத்தரிக்கக் கூடாது. குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் இருந்தால், ஐஎல்-17 என்ற அழற்சிப் புரதத்தை அடக்கும் சொரியாசிஸ் ஊசியைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். நம் ஊரில் அடலிமுமாப் மாதிரி ஊசிக்கு முன்னால் உடம்பில் காசநோய் பதுங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

சொரியாசிஸுக்கு என் அத்தை போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை அட்டைக்குப் பின்னால் டாக்டரே பேனாவால் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதியிருந்தார். வாரம் ஒரு முறை போடுவது அது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் அட்டையின் முன்பக்கம் மட்டும்தானே இருக்கும்?

அப்புறம், பணமும் வேலையும். தோலில் புற ஊதா ஒளி பாய்ச்சும் சிகிச்சைக்கு வாரம் இரண்டு மூன்று முறை வரச் சொன்னால் தினக்கூலிக்காரர் எப்படி வருவார்? அவருக்கு மாத்திரைதான் தோது. இதையும் கேட்டுவிட்டு எழுதுபவரைத்தான் நான் நல்ல டாக்டர் என்பேன். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். போடும் மாத்திரைகளையெல்லாம் பையோடு கொண்டுபோங்கள். மூட்டைப்போல் குதிகாலையும் இந்த நோய் பிடிக்கலாம்; அங்கே வலித்தால் செருப்பைக் கழற்றி அதையும் காட்டுங்கள்.