வராததே நல்லதாமே!

நேற்றுத் தைப்பூசத்தன்று பினாங்கில் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை அடிவாரத்தில், ஒரு தண்ணீர்ப் பந்தல் ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வலது முழங்கால் வீங்கியிருந்தது. தங்கை மகள் பால்குடத்தோடு மேலே போயிருந்தாள். அது என் குடம். இருபத்து மூன்று ஆண்டுகள் என் தலையில் ஏறிய குடம். விடியற்காலையில் அதன் வாயில் மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டி, அவள் தலையில் நான்தான் தூக்கி வைத்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தார். எங்கள் அடுக்குமாடியில் குடியிருப்பவர், நல்லவர். நல்லவர்கள் சொல்வதால்தான் பதிலுக்கு ஒன்றும் சொல்ல முடியாமல் நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. மலையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. கையில் மோர். என் முகத்தைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், தலையை ஒரு பக்கம் சாய்த்தார். தெரிந்துவிட்டது, ஆறுதல் வருகிறது.

"கீழே நின்று கும்பிட்டால் முருகன் ஏற்றுக்கொள்ள மாட்டானா அக்கா?"

சரி என்றேன்.

"நமக்கும் வயதாகிறது இல்லையா?"

எனக்கு 56 வயது. அதற்கும் தலையை ஆட்டினேன்.

ஒரு மிடறு மோர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். "மேலே ஒரே நெரிசல். நீங்கள் வராததே நல்லது."

வராததே நல்லது! யாருக்கு நல்லது? ராத்திரி முழுவதும் அந்தச் சொல்லோடு புரண்டு புரண்டு படுத்தேன். அந்த நெரிசலுக்காகத்தானே நான் ஏங்குகிறேன்! 2012இல் உச்சியில் புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு ஆவதற்கு முன்னால் பழைய மலைக்கோயிலுக்குச் சுமந்தேன். பிறகு புதுக் கோயிலுக்கு 513 படிகளும் சுமந்தேன். பாதி மலையில் மூச்சு முட்டி நிற்கும்போது, முன்பின் தெரியாத யாரோ பின்னாலிருந்து "வேல் வேல்" என்பார். கால் தானாக அடுத்த படிக்கு எழும்பும். உச்சியில் திரும்பிப் பார்த்தால் ஜார்ஜ் டவுனும் அதற்கப்பால் கடலும். பால் அபிஷேகத்துக்குப் போன பிறகு தலை லேசாகி, கழுத்து ஆடும். அந்த ஆட்டத்துக்காக ஓர் ஆண்டு முழுவதும் காத்திருப்பேன். அதை இழந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் வந்து நல்லது என்கிறார்.

முருகன் கீழேயும் இருக்கிறான் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்களின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதத்தில் புறப்பட்டு வந்தவனும் அவன்தான். ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்துக் கண் கலங்கக் கும்பிட்டேன். ஆனால் அந்த ஏற்றம் வேறு. அது என் உடம்பால் நான் அவனுக்குக் கொடுத்தது. அதற்கு மாற்று கிடையாது.

மருத்துவரிடம் எனக்குக் கோபம் இல்லை. முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று படத்தில் காட்டினார். ஏறுவதைவிட இறங்குவதுதான் மோசம், ஒவ்வொரு படியிலும் உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் பாரம் அந்த மூட்டில் விழும் என்றார். போகாதீர்கள் என்றார், போகவில்லை. "வருத்தமாகத்தான் இருக்கும்" என்றும் சொன்னார். இதுவரை அதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் முடக்கத்தான் கீரை, நல்லெண்ணெய், யாரோ ஒருவருக்கு மூன்றே மாதத்தில் குணமாக்கிய மாத்திரை என்று எதையாவது சொல்லி, நான் வருந்தவே கூடாது என்று அவசரப்படுத்துகிறார்கள். வருந்த விடுங்கள். இருபத்து மூன்று ஆண்டுப் பழக்கம் ஒரு காலையில் கையைவிட்டுப் போயிருக்கிறது. நான் அழுதால் உங்களுக்கு என்ன நட்டம்?

தங்கை மகள் பாதம் சிவந்து இறங்கி வந்தாள். ஒன்றும் பேசவில்லை. என் நெற்றியில் திருநீறு இட்டுவிட்டுக் காலடியில் உட்கார்ந்தாள். "ஒவ்வொரு படியிலும் உங்களை நினைத்துக்கொண்டேன் பெரியம்மா" என்று வெகுநேரம் கழித்துச் சொன்னாள்.

இன்று காலை தைலம் வாங்க, நம்மவர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். ஐந்தடிப் பாதை முழுவதும் மோட்டார் சைக்கிள்கள்! வெயிலிலும் மழையிலும் மனிதர் நடக்கவென்று கடை வாசலோடு சேர்த்துக் கட்டிய வழி அது. ஒரு கடையின் தரை உயரம், அடுத்த கடையின் தரை பள்ளம், நடுவில் வண்டி. சாலையில் இறங்கி, கார்களுக்கு ஒதுங்கி, திரும்ப மேலே ஏறி, மறுபடியும் இறங்கினேன். மலைப்படிதான் எனக்கு இல்லை என்றாகிவிட்டது. நடைபாதையையாவது விடுங்கள். வண்டியை எடுங்கள் ஐயா!